ஓர் அறையில் மட்டும் கரண்ட் இல்லை

(நூலக வாசகர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஊருக்கே கரண்ட் போனால் கவலை இல்லை. எல்லோரும் வாசலுக்கு வந்து நிற்போம், பக்கத்து வீட்டுக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசுவோம், யாராவது ஒருவர் ஈ.பி.க்கு போன் போட்டிருப்பார், வந்துவிடும். நான் பேச வந்தது வேறு வகை இருட்டைப் பற்றி. எதிர் வீட்டில் விளக்கு எரிகிறது. நம் வீட்டிலேயே ஹாலில் மின்விசிறி சுற்றுகிறது, பிரிட்ஜ் ஓடுகிறது. படுக்கையறையில் மட்டும் எதுவும் வேலை செய்யவில்லை. சுவிட்சை நாலு தடவை மேலும் கீழும் தட்டுகிறோம். பல்பைக் கழற்றி வேறு பல்பு போடுகிறோம். கடைக்குப் போய்ப் புது சுவிட்ச் வாங்கி வந்து அதையும் போட்டுப் பார்க்கிறோம். எல்லாம் முடிந்த பிறகுதான் எலக்ட்ரீஷியனுக்கு போன். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் நாம் சொல்வது: "தம்பி, எல்லாத்தையும் மாத்திப் பார்த்தாச்சு."

தேர்ந்த வயர்மேன் ஒருவர் வேலை செய்வதைக் கவனித்திருக்கிறீர்களா? வந்தவுடன் எதையும் கழற்ற மாட்டார். "அந்த சுவிட்சைப் போடுங்கம்மா. மாடிப்படி லைட் எரியுதா? பாத்ரூம்ல? வாசல் லைட்?" என்று கேட்டுக்கொண்டே வீட்டை ஒரு சுற்று வருவார். பார்ப்பவர்களுக்கு நேரத்தை ஓட்டுவது போலத் தோன்றும். எது கெட்டுப்போனது என்பதை அவர் இன்னும் தேடவே ஆரம்பிக்கவில்லை. எதுவரைக்கும் வருகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். வருகிற கடைசி இடமும் வராத முதல் இடமும் தெரிந்துவிட்டால், பழுது அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருந்தாக வேண்டும். அதன்பிறகு கழற்ற வேண்டியது இரண்டே இரண்டு பலகை. இன்று நான் சொல்லப்போவது எல்லாம் இந்த ஒரு வேலையை எப்படிச் செய்வது என்பதுதான். கையில் ஸ்க்ரூ டிரைவர் எடுப்பதற்கு முன்பே இதில் முக்கால் பங்கு முடிந்துவிடும்.

முதல் எல்லை மீட்டர். மின்னணு மீட்டரில் சிவப்பாகச் சிமிட்டுகிற ஒரு சின்ன விளக்கு உண்டு. நாம் செலவழிக்கிற வேகத்துக்கு ஏற்ப அது சிமிட்டும்; ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று மீட்டர் முகத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். திரையில் எண் தெரிகிறது, விளக்கு சிமிட்டுகிறது என்றால் கரண்ட் நம் வாசல் வரை வந்துவிட்டது. திரையே இருட்டு என்றால் அது மின்வாரியத்தின் பாடு. முத்திரை வைத்த இடத்தில் நாம் கைவைக்கக் கூடாது. மும்முனை இணைப்பு உள்ள வீடுகளில் இங்கே ஒரு சிக்கல் வரும். கரண்ட் கொண்டுவரும் மூன்று பேஸ் வயர்களில் ஒன்று மட்டும் கம்பத்தில் போயிருக்கும். வீட்டில் மூன்றில் ஒரு பங்கு இருட்டாகும், அதுவும் வரிசை இல்லாமல்: சமையலறை, மாடி அறை, மோட்டார் என்று சம்பந்தமில்லாத இடங்கள். தெருவில் மூன்று வீட்டுக்கு ஒரு வீடு இருட்டாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

மீட்டரைத் தாண்டி, வீட்டுக்குள் கரண்ட் பல லைன்களாகப் பிரிகிற டி.பி. பெட்டிக்கு வருவோம். ஒவ்வொரு லைனுக்கும் காவலாக இருக்கிற எம்.சி.பி. விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறோம். சில எம்.சி.பி.க்கள் விழுந்தாலும் முழுதாகக் கீழே வராது, நடுவாந்திரமாக நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் மேலேயே இருப்பதுபோலத் தெரியும். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். விழுந்தது தளர்வாக ஆடும். அதை மேலே தள்ளினால் நிற்காது. முதலில் முழுதாகக் கீழே இறக்கிவிட்டு, அப்புறம்தான் ஏற்ற வேண்டும். இந்த ஒரு காரியம் தெரியாமல் 'எம்.சி.பி. போச்சு' என்று புதிதாக வாங்கிய வீடுகள் ஊருக்கு ஊர் உண்டு.

ஏற்றியதும் அது எப்படி விழுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எம்.சி.பி.க்குள் இரண்டு காவலர்கள் இருக்கிறார்கள். ஒன்று, இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு பட்டை. கூடுதல் கரண்ட் போகப் போக அது மெதுவாகச் சூடாகி வளையும். இன்னொன்று ஒரு கம்பிச் சுருள். கரண்ட் ஒரேயடியாகப் பல மடங்கு பாய்ந்தால் காந்தமாகி ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குக்குள் வெட்டிவிடும். நம் வீடுகளில் பெரும்பாலும் போடுகிற 'சி' வகை எம்.சி.பி. அதன் அளவைப்போல் 5 முதல் 10 மடங்கு கரண்டில் இப்படிப் பட்டென்று விழும். ஆகவே ஏற்றிய கையோடு 'டப்' என்று விழுந்தால் எங்கோ கரண்ட் கொண்டுவரும் பேஸும் அதைத் திருப்பி எடுத்துப்போகும் நியூட்ரலும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஷார்ட். பத்து, இருபது நிமிடம் நன்றாக ஓடிவிட்டு விழுந்தால் சுமை கூடிப்போயிருக்கிறது. 16 ஆம்பியர் எம்.சி.பி. 16 ஆம்பியரைத் தாண்டியதுமே விழும் என்று நினைக்கிறோம். தர விதிப்படி அதன் அளவைப்போல் 1.13 மடங்கு, அதாவது 18 ஆம்பியர், ஒரு மணி நேரம் ஓடினாலும் அது விழக் கூடாது. 1.45 மடங்கு, அதாவது 23 ஆம்பியருக்கு, ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். 2,000 வாட் கீசர் ஏறக்குறைய 9 ஆம்பியர் எடுக்கும். 1,500 வாட் கெட்டில் ஆறரை. 1,000 வாட் அயர்ன் பாக்ஸ் நாலரை. மூன்றும் ஒரே லைனில் இருந்தால் 20 ஆம்பியர். சில நாள் விழும், சில நாள் விழாது. குளிக்கிறவர் சீக்கிரம் குளித்து முடிக்கிறாரா என்பதைப் பொறுத்தது.

ஷார்ட் என்று தெரிந்த பிறகும் திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு தடவையும் உள்ளே நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து தீப்பொறியில் முடிகிறது. ஒரு தடவை ஏற்றலாம். இரண்டாவது தடவை ஏற்றுவதற்கு முன் அந்த லைனில் உள்ள எல்லா பிளக்குகளையும் பிடுங்கிவிட்டு, எல்லா சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு ஏற்றுங்கள். நின்றால், குற்றம் பிடுங்கிய அல்லது அணைத்த சாமான் ஒன்றில் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் போட்டு ஆளைப் பிடிக்கலாம். எல்லாம் பிடுங்கியும் விழுந்தால் குற்றம் சுவருக்குள். சுவருக்குள் என்றதும் நான் கேட்கிற முதல் கேள்வி: "சமீபத்தில் ஆணி அடித்தீர்களா, டிரில் போட்டீர்களா?" சாமி படமோ ஷோகேஸோ மாட்டிய அன்றைக்கே சில வீடுகளில் விழும். சில வீடுகளில் டிரில் முனை வயர்த் தோலை மட்டும் உரசிவிட்டு நிற்கும். ஐப்பசி மழையில் சுவர் ஊறும்போதுதான் கணக்கு தீரும்.

பழைய வீடுகளில் எம்.சி.பி.க்குப் பதில் கட்டை பியூஸ் இருக்கும். அதைப் பற்றி ஒன்றே ஒன்று. 5 ஆம்பியருக்கான ஈயம் பூசிய செம்புக் கம்பி 0.2 மில்லிமீட்டர் தடிமன்தான், 15 ஆம்பியருக்கு 0.5 மில்லிமீட்டர். பியூஸ் அடிக்கடி போகிறதென்று வயரிலிருந்து மூன்று இழை உருவி முறுக்கிக் கட்டுகிறார்களே, அப்போது பியூஸ் கட்டையில் இருக்க வேண்டிய பலவீனம் சுவருக்குள் இருக்கிற வயருக்குப் போய்விடுகிறது. அடுத்த தடவை உருகப்போவது அதுதான்.

இனி ஆர்.சி.சி.பி. இது சுமையைப் பார்க்காது. பேஸ் வழியாகப் போன கரண்ட் அத்தனையும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வந்ததா என்று மட்டும் பார்க்கும். வீடுகளில் போடுகிற வகை, 30 மில்லி ஆம்பியர் கணக்கில் வரவில்லை என்றால் வெட்டிவிடும். 60 வாட் குண்டு பல்பு எடுப்பது ஏறக்குறைய 260 மில்லி ஆம்பியர். அதில் எட்டில் ஒரு பங்கு கூட இல்லாத கசிவு. ஒரு மனிதனின் இதயத்தைத் தடுமாற வைக்க ஒரு பல்பு எரிகிற கரண்ட் கூடத் தேவையில்லை என்பதால்தான் இத்தனை சின்ன அளவு. அதனால் 'சும்மா சும்மா விழுகிறது' என்று அதைக் கழற்றி, நேராக வயரைக் கொடுத்துவிடும் பழக்கம் இருக்கிறதே, அதை மட்டும் யார் வந்து சொன்னாலும் செய்யாதீர்கள்.

அது சும்மா விழுவதில்லை. கீசர் ஹீட்டரில் ஈரம் இறங்கியிருக்கும், வாஷிங் மெஷின் மோட்டார் கசியும், கேட் விளக்கில் மழைத் தண்ணீர் நிற்கும். தண்ணீர் சம்பந்தப்பட்ட சாமான்களை முதலில் பிடுங்குங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யை ஏற்றி, பிறகு எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக ஏற்று என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். பேஸில் கசிவு இருந்தால் இது சரியாகக் காட்டும். ஆனால் நம் வீடுகளில் சிங்கிள் போல் எம்.சி.பி.க்கள் பேஸை மட்டும்தான் வெட்டுகின்றன. நியூட்ரல் அப்படியே இருக்கும். சமையலறையில் நியூட்ரல் வயர் எர்த்தோடு ஒட்டியிருக்கிறது என்று வையுங்கள். சமையலறை எம்.சி.பி. இறங்கியே இருக்கிறது. ஹால் எம்.சி.பி.யை ஏற்றுகிறீர்கள். ஹாலில் ஓடுகிற மின்விசிறியின் கரண்ட் திரும்பும்போது அதில் கொஞ்சம் சமையலறை நியூட்ரல் வழியாக எர்த்துக்கு நழுவும். ஆர்.சி.சி.பி. விழும். நீங்கள் ஹாலைச் சந்தேகப்பட்டு ஹாலையே பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பீர்கள். அனுபவசாலிகளே அரை நாள் இழக்கிற இடம் இது.

இதுவரை சொன்னதெல்லாம் ஏதோ ஒன்று விழுந்த கதை. உண்மையில் கடினமான பழுது, எதுவும் விழாமலே ஓர் அறை இருண்டுபோவது. எம்.சி.பி. மேலே நிற்கிறது, ஆர்.சி.சி.பி. மேலே நிற்கிறது, மற்ற அறைகளில் வெளிச்சம்.

ஒரு வீட்டின் மாடி அறையில் இப்படி ஆனது. விளக்கு இல்லை, மின்விசிறி இல்லை, செல்போன் சார்ஜ் ஏறவில்லை. வீட்டுக்காரர் விவரம் தெரிந்தவர், டெஸ்டர் வைத்திருக்கிறார். பிளக் பாயிண்டில் வலப்பக்கத் துளையில் வைத்தார், எரிந்தது. இடப்பக்கத் துளையில் வைத்தார், அதிலும் எரிந்தது. "அண்ணே, கரண்ட் ரெண்டு பக்கமும் வருதுண்ணே, அப்படியிருந்தும் ஒண்ணும் ஓடலை" என்றார். அவர் டெஸ்டர் பொய் சொல்லவில்லை. நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கிறது.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் ஆட்களில் பெரும்பாலோர் மின்சாரத்தை ஒருவழிச் சமாச்சாரமாகவே நினைக்கிறோம். பேஸில் 'வருகிறது', அவ்வளவுதான். அது வந்த வழி போலவே திரும்பவும் போக வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். 1845இல் குஸ்தாவ் கிர்க்காஃப் என்ற ஜெர்மானிய மாணவர், 21 வயதில், சுற்றுகளுக்கு இரண்டு விதிகளை எழுதினார். அதில் ஒன்று இப்போது நம் மாடி அறையில் வேலை செய்கிறது: ஒரு சுற்றை முழுதாக வலம் வந்தால் கொடுத்த வோல்டேஜும் செலவான வோல்டேஜும் சமமாக இருக்க வேண்டும். கொடுப்பது 230 வோல்ட். கரண்ட் ஓடுகிறபோது அதைப் பல்பு எடுத்துக்கொள்கிறது. நியூட்ரல் அறுந்து கரண்ட் நின்றுவிட்டால் பல்பு எதையும் எடுக்காது. அதன் இரண்டு முனையும் ஒரே மட்டத்தில், 230இல், நிற்கும். அந்த 230 முழுவதும் போய் உட்காருவது அறுந்த இடைவெளியின் மேல். எங்கே அறுந்ததோ அங்கே.

இதிலிருந்து இரண்டு விஷயம் கிடைக்கிறது. ஒன்று, சோதனை. அந்த அறையின் எல்லா சுவிட்சையும் அணைத்து, பிளக்குகளையும் பிடுங்கிவிட்டு டெஸ்டரை மறுபடி வையுங்கள். இடப்பக்கத் துளையில் வெளிச்சம் அணைந்துவிட்டால் முடிவாயிற்று: பேஸ் நன்றாக இருக்கிறது, போட்டிருந்த பல்பின் வழியாகத்தான் அது மறுபக்கம் வந்துகொண்டிருந்தது, நியூட்ரல்தான் போயிருக்கிறது. இரண்டாவது, ஆபத்து. கறுப்பு வயர் பாவம், ஒன்றும் செய்யாது என்று நினைத்துத் தொடுகிறோம். நியூட்ரல் அறுந்த அறையில் கறுப்பு வயரும் சிவப்பு வயரும் ஒன்றுதான். விளக்கு எரியவில்லை என்பதற்காக அந்த ஹோல்டரில் விரலை விட்டவர்கள் வாங்கிய ஷாக்குகளுக்கு இதுதான் காரணம்.

டெஸ்டரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதற்குள் ஒரு சிறிய நியான் விளக்கும், ஏறக்குறைய பத்து லட்சம் ஓம் தடையும் இருக்கின்றன. நம் உடம்பு வழியாக ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவாகப் போகும் கரண்டில் அது எரிகிறது. அதனால் அது ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: இந்த இடத்தில் மண்ணைவிட வோல்டேஜ் அதிகமா? சுமையைத் தாங்குமா, நியூட்ரல் உண்டா, எத்தனை வோல்ட் என்றெல்லாம் அதற்குத் தெரியாது. பக்கத்தில் ஓடும் இன்னொரு வயரின் சாயல் பட்டாலே லேசாக எரியும். பகல் வெளிச்சத்தில் எரிந்தாலும் நம் கண்ணுக்குத் தெரியாது. மல்டிமீட்டர் மேல்; பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230, பேஸுக்கும் எர்த்துக்கும் 230, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் சில வோல்ட் மட்டும் என்று காட்டினால் அந்தப் பாயிண்ட் ஆரோக்கியம். ஆனால் அதுவும் ஏமாற்றும். எங்கும் இணையாமல் பைப்புக்குள் தொங்குகிற வயரில் 60, 90 என்று ஏதாவது ஓர் எண்ணைக் காட்டும். அது பேய் வோல்டேஜ். ஒரு குண்டு பல்பை மாட்டினால் காணாமல் போய்விடும். குண்டு பல்பு ஒன்றைப் பழைய ஆட்கள் பையில் வைத்திருப்பதற்குக் காரணம் இது. அது எரிந்தால் பேஸும் உண்டு, நியூட்ரலும் உண்டு, இரண்டுக்கும் சுமை தாங்கும் தெம்பும் உண்டு. ஒன்று மட்டும்: அந்தப் பல்பை பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே கொடுத்துப் பார்க்காதீர்கள். 25 வாட் பல்பானாலும் 100 மில்லி ஆம்பியருக்கு மேல் எர்த்தில் இறங்கும். ஆர்.சி.சி.பி. இருந்தால் வீடே அணையும். எர்த் சரியில்லாத வீடாக இருந்தால் பிரிட்ஜ் உடம்பிலும் கிரைண்டர் உடம்பிலும் கரண்ட் நிற்கும்.

சரி, அந்த மாடி அறையின் நியூட்ரல் எங்கே அறுந்தது? நம் வீட்டு வயரிங்கில் டி.பி.யிலிருந்து ஒவ்வொரு அறைக்கும் தனி வயர் போவது குறைவு. முதல் சுவிட்ச் போர்டுக்கு வந்து, அங்கிருந்து லூப் அடித்து இரண்டாவதற்கு, அங்கிருந்து மூன்றாவதற்கு என்று போகும். மாடிப்படி விளக்கு எரிகிறது, அதற்கடுத்த அறை எரியவில்லை. அப்படியானால் மாடிப்படி போர்டில் இருந்து கிளம்புகிற முனைக்கும் அறை போர்டில் வந்து சேருகிற முனைக்கும் நடுவில். வயர் நடு பைப்பில் தானாக அறுவது அபூர்வம்; அறுவது முனைகளில். டி.பி.யையும் மெயினையும் அணைத்துவிட்டு மாடிப்படி போர்டைத் திறந்தார்கள். இரண்டு கறுப்பு வயர்களை முறுக்கி டேப் சுற்றியிருந்த இணைப்பு, டேப்போடு கருகி, கை பட்டதும் கழன்று வந்தது. அந்த அறையில் மாற்றப்பட்டிருந்த பல்பு, சுவிட்ச், ரெகுலேட்டர் எதிலும் குறையில்லை.

ஏன் கருகியது என்பது இந்த உரையிலேயே முக்கியமான பகுதி. 2,000 வாட் ஹீட்டர் ஓடுகிற லைனில் ஓர் இணைப்பு தளர்ந்து ஒரே ஒரு ஓம் தடை உண்டாகிவிட்டது என்று வையுங்கள். அந்த இணைப்பில் மட்டும் ஏறக்குறைய 70 வாட் வெப்பம் உண்டாகும். 60 வாட் குண்டு பல்பைத் தொட்டுப் பாருங்கள். அதைவிட அதிகமான சூடு, விரல்நுனி அளவு இடத்தில், மூடிய பெட்டிக்குள், மணிக்கணக்காக. எம்.சி.பி. என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. தடை கூடியதால் கரண்ட் முன்பைவிடச் சற்றுக் குறைந்துதான் போகிறது. போன கரண்ட் முழுதாகத் திரும்புவதால் ஆர்.சி.சி.பி.க்கும் புகார் இல்லை. இரண்டு காவலர்களும் விழித்திருக்க, நடுவில் எரிகிறது. நமக்குக் கிடைக்கிற அறிகுறிகள் வேறு: மிக்ஸியைப் போட்டதும் அந்த அறை விளக்கு மங்குவது, போர்டில் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம், பிளேட் பழுப்பேறுவது, மீன் கெட்டது போன்ற ஒரு பிளாஸ்டிக் வாடை. இவற்றில் ஒன்று இருந்தாலும் கரண்ட் போகும் வரை காத்திருக்க வேண்டாம்.

தளர்வதற்குக் காரணங்கள் நம் ஊரில் ஏராளம். 1970களிலும் 80களிலும் கட்டிய பல வீடுகளில் மர ரீப்பர் மேல் அலுமினிய வயர் ஓடுகிறது. அலுமினியம் சூட்டில் செம்பைவிட அதிகமாக விரியும், ஸ்க்ரூவுக்கடியில் நசுங்கி இடம் கொடுக்கும், மேலே கரண்டை விடாத ஒரு படலம் படியும். அந்தப் போர்டுகளில் ஸ்க்ரூவை ஆண்டுக்கொரு முறை மெயினை அணைத்து இறுக்கினாலே பாதிப் பழுது வராது. அப்புறம் உயிரினங்கள். எறும்பு சுவிட்சுக்குள் புகுந்து காண்டாக்ட் நடுவில் நசுங்கும். சுவிட்ச் போட்டால் போட்ட மாதிரி இருக்கும், உள்ளே தொடாது. பல்லி போர்டுக்குள் செத்து ஷார்ட் ஆக்கும். மொட்டை மாடி பைப்பில் அணிலும் எலியும். மழை இல்லாத மாதங்களில் அதிகம் புழங்காத பிளக் துளைகளில் குளவி மண் வைத்து அடைத்திருக்கும். பின் சரியாக இறங்காது, பாதித் தொடுகையில் சூடாகும்.  

இப்போது எச்சரிக்கை. அந்த மாடிப்படி போர்டைத் திறப்பதற்கு முன் மெயினை அணைத்தார்கள் என்று சொன்னேன். இன்வர்ட்டர் இருக்கிற வீட்டில் அது போதாது. மெயினை அணைத்தால் இன்வர்ட்டர் என்ன நினைக்கும்? ஊருக்குக் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து, பேட்டரியிலிருந்து அதே 230 வோல்ட்டை அதே வயர்களில் ஏற்றும். விளக்கு, மின்விசிறி லைன்களில் பெரும்பாலும் அதுதான் ஓடுகிறது. நீங்கள் கையால் மெயினை அணைத்தீர்கள்; அடுத்த நொடியே வயருக்கு மறுபடி உயிர் வந்துவிட்டது. ஆகவே மெயினை அணைத்தபின் இன்வர்ட்டரின் முகப்பு சுவிட்சையும் அணைக்க வேண்டும். அதற்கும் பிறகு சோதிக்க வேண்டும்: எரியும் என்று நிச்சயம் தெரிந்த ஓர் இடத்தில் டெஸ்டரை முதலில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பிறகு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வேலை செய்ய வேண்டிய இடத்தில் வையுங்கள், முடித்ததும் மறுபடி கரண்ட் உள்ள இடத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் டெஸ்டரே கெட்டுப்போயிருந்தால் இந்த மூன்றாவது சோதனைதான் காட்டிக்கொடுக்கும். மாடியில் சோலார் வைத்திருப்பவர்கள் அதன் சுவிட்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்வர்ட்டர் வீடுகளில் இன்னொரு வேடிக்கை உண்டு. விளக்கு எதுவும் இல்லை, ஆனால் ஏ.சி., கீசர், பிரிட்ஜ் ஓடுகிறது என்றால் நேராக இன்வர்ட்டரிடம் போங்கள். விளக்குகளுக்கான கரண்ட் எப்போதும் அதன் வயிற்றின் வழியாகத்தான் போகிறது, ஊரில் கரண்ட் இருக்கும்போதும். அதன் பின்புறம் ஒரு சின்ன பியூஸ் அல்லது அழுத்து பொத்தான் இருக்கும், அது குதித்திருக்கும். வெளியே எல்லாம் சரியாக இருக்க வீட்டில் பாதி அணைவதற்கு இதைவிட எளிய காரணம் கிடைக்காது.

கடைசியாக ஒன்று. இதில் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் வீடுகள் இருண்டுபோகா. சில வீடுகளில் விளக்கு கண்ணைக் கூசும், சில வீடுகளில் மங்கும். மூன்று பேஸும் நியூட்ரலை நம்பித்தான் 230 வோல்ட்டைப் பிரித்துக்கொள்கின்றன. அது போய்விட்டால் வெவ்வேறு பேஸில் இருக்கும் இரண்டு வீடுகள் 400 வோல்ட்டுக்குக் குறுக்கே வரிசையாக மாட்டிக்கொள்ளும். ஒரு வீட்டில் 100 வாட் சுமை, மற்றதில் 1,000 வாட் என்றால், மூன்றாவது பேஸில் யாரும் இல்லாதபோது, சின்ன சுமை வீட்டுக்குப் போவது ஏறக்குறைய 360 வோல்ட். ஒரு டி.வி.யும் ஒரு செட்டாப் பாக்ஸும் மட்டும் ஓடுகிற வீடுதான் முதலில் பலியாகும். மின்விசிறி வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றுகிறது, விளக்கு பளீரென்று எரிகிறது என்றால் யோசிக்காமல் மெயினை இறக்குங்கள். பிறகு பக்கத்து வீட்டையும் இறக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவும் சொன்னதால் எல்லோரும் நாளைக்கே போர்டைத் திறக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. சட்டத்தில் ஒரு கோடு உண்டு. 1956ஆம் ஆண்டு விதிகளிலேயே இருந்த கோடு, பிறகு மத்திய மின்சார ஆணையத்தின் 2010ஆம் ஆண்டு பாதுகாப்பு விதிமுறைகளிலும் வந்தது: விளக்கு, மின்விசிறி, பியூஸ், சுவிட்ச் இவற்றை அதே அளவில் மாற்றிப் போடலாம். வயரிங்கைக் கூட்டுவது, மாற்றுவது, பழுதுபார்ப்பது உரிமம் பெற்றவர்களின் வேலை. வீட்டு வேலைக்கு இது நியாயமான கோடு என்பது என் கருத்து. கண்டுபிடிப்பது எல்லோருக்கும் பொதுவானது. சுற்றிப் பார்ப்பதற்கும், பிளக் பிடுங்குவதற்கும், எம்.சி.பி. ஏற்றுவதற்கும் உரிமம் வேண்டாம். போர்டு ஈரமாக இருந்தால், வாடை அடித்தால், சுவரையோ குழாயையோ தொட்டால் ஜிவ்வென்று இழுத்தால் அந்தக் கண்டுபிடிப்பும் வேண்டாம். மெயினை இறக்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

கூப்பிடும்போது 'கரண்ட் இல்லை' என்று சொல்லாதீர்கள். "மாடி ரூம்ல மட்டும் இல்லை, மாடிப்படி வரைக்கும் இருக்கு, எதுவும் ட்ரிப் ஆகலை, ரெண்டு பக்கமும் டெஸ்டர் எரியுது" என்று சொல்லிப் பாருங்கள். வருகிறவர் எந்தச் சாமானோடு வர வேண்டும் என்பது அவருக்கு போனிலேயே தெரிந்துவிடும். தேவையில்லாத சுவிட்சுக்கும் நீங்கள் காசு கொடுக்க மாட்டீர்கள். இதற்கு ஒரு தாள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பகலில் வீட்டில் இருவர் சேர்ந்து, ஒருவர் டி.பி. அருகிலும் மற்றவர் அறைகளிலும் நின்று, ஒவ்வொரு எம்.சி.பி.யாக இறக்கி, எது எது அணைகிறது என்று எழுதி, டி.பி. கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று ஒரு பொத்தான் இருக்கும். அன்றைக்கே அதையும் அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் அது அலங்காரத்துக்கு இருக்கிறது. மின்வாரியப் புகாருக்கான மின்னகத்தின் எண் 94987 94987, 24 மணி நேரமும் எடுப்பார்கள். முதலில் கேட்பது மின் இணைப்பு எண்ணைத்தான். இருட்டில் பழைய ரசீதைத் தேடாமல் இருக்க அந்த எண்ணையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.